சொன்னதைச் செய்யும் ரதம்

"ரதம் மார்க்கெட்டுக்கு வந்தாச்சு! உன் பேஜ்ல இன்னும் கோயில் வாசல்லயே நிக்குது!" போனில் கத்தினார் கோயில் தலைவர் மணியம்.

புவனேசன் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தான். மணியம் தலைவர் மட்டுமல்ல, அவன் காதலிக்கும் உமாராணியின் அப்பா. அர்ச்சனைத் தட்டோடு வாசலில் காத்திருக்கும் சுங்கை பட்டாணி சனங்களுக்கு ரதம் எங்கே வருகிறது என்று போனில் காட்ட அவன் செய்த இணையப் பேஜ் அது. ஒழுங்காக ஓடினால் கல்யாணப் பேச்சு. சொதப்பினால் வாசப்படி மிதிக்க முடியாது.

"அப்பவே சொன்னேன்," என்றாள் பக்கத்திலிருந்த உமாராணி. கூலிம் தொழிற்சாலையில் அவளும் அவனைப் போலவே புரோகிராமர். "ரதம் எங்க இருக்குன்னு மட்டும் செர்வர் சொன்னா போதும்லா. படத்தை எங்க வைக்கிறதுன்னு போன் பாத்துக்கும். நீ எதுக்கு 'முன்னால நகர்த்து'ன்னு ஒவ்வொரு தடவையும் போனுக்குக் கட்டளை ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புற?"

"செர்வர்தான் முதலாளி. போனுக்கு என்னா தெரியும்? சொன்னதைச் செய்யட்டும்."

பெரிய மேதாவி! இன்டர்நெட் லைன் கிடைக்காத போன்களுக்கு ஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. உடனே எல்லாருக்கும் மறுபடி அனுப்பினான். ஏற்கெனவே கிடைத்தவர்களின் போனில் ரதம் ரெண்டு மடங்கு ஓடியது.

"ஐயோ தம்பி, எங்க வீட்டைத் தாண்டிருச்சா? நான் இன்னும் சூடம்கூட எடுத்து வைக்கலயே!" என்று போன் போட்டு அழுதார் தட்டோடு காத்திருந்த லோகேஸ்வரி அக்கா.

'பின்னால் நகர்த்து' என்று ஒரு ஸ்கிரிப்ட் போட்டான். பேஜில் ரதம் போலீஸ் ஸ்டேஷனுக்குள் பின்பக்கமாக நுழைந்தது.

"போதும் புவனா, விட்டுரு!"

"நீ சும்மா இரு." அதை வெளியே இழுக்க ஒரே தள்ளாக முன்னால் தள்ளினான். ரதம் ஊரையே தாண்டி கோலா கெத்தில் ரோட்டில் போய் நின்றது.

தொலைந்தோம் என்று, ரதம் நிஜமாக எங்கே இருக்கிறது என்று சொல்ல அதில் கட்டியிருந்த ஜிபிஎஸ் பெட்டியின் கணக்கைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் கோலா கெத்தில் ரோடு என்றே காட்டியது!

"பாத்தியா? பேஜும் ரதமும் ஒண்ணாயிருச்சு! இப்ப என்னா சொல்ற?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வெட்கம் கெட்டவன்.

போன் அடித்தது.

"தம்பி, நான் ரத லோரி டிரைவர் இருளப்பன், அலோர் ஸ்டார்லேருந்து வந்திருக்கேன். மார்க்கெட் தாண்டி வழி தெரியாதுன்னேன், தலைவர் உங்க பேஜைப் பாத்து ஓட்டச் சொன்னாரு. ரிவர்ஸ் எடுத்தேன், முன்னால வந்தேன், இப்ப சுத்தி ஒரே பால்மரமா இருக்கு. பின்னால தலைவர் மோட்டர்ல கத்திக்கிட்டே துரத்துறாரு, நிப்பாட்டவா, இல்ல இன்னும் உள்ள போகணுமா?"