ஊசிக்கு ஒன்ஸ்மோர் கேட்ட ஊர்

தென்காசி,
ஈசுவர வருஷம், ஆடி 19.

கண்ணியத்திற்குரிய ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜனாப் பீர் மைதீன் அவர்கள் சமூகத்திற்கு, ராஜபார்ட் பால்வண்ணநாதன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வணங்கி எழுதிக்கொண்டது. எங்கள் நாடகக் கம்பெனியில் இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலரா வருஷத்தில் அதைவிடப் பெரிய க்ஷேமம் வேறில்லை.

குற்றாலத்துச் சீசன் கூட்டத்தை நம்பிக் கொட்டகை போட்ட மறுநாளே தாங்கள் வந்து பூட்டியபோது, நான் திட்டியதையெல்லாம் ஹார்மோனியம் சுடலைக்கண்ணு தங்களிடம் ஒப்பித்திருப்பான், மன்னிக்க வேணும். ஊசி போட்டவர்களை மட்டும் உள்ளே விட்டு ஆடலாம் என்று பிறகு இறங்கி வந்தீர்கள், ஆனால் ஊசி என்றதும் ஊரே வயல்காட்டுக்கு ஓடிவிட்டது, கொட்டகையில் நாங்களும் இரண்டு நாய்களும்தான். அப்போதுதானே, "ராஜா போட்டுக்கிட்டா சனமும் போட்டுக்கிடும்வே, மேடையில வச்சே குத்திருவோம்" என்றீர்கள்? வெளிச்சம் வேண்டுமென்று பட்டப்பகலில் ஆடச் சொன்னீர்கள், அரிதாரம் வழிந்து மீசை வாய்க்குள் போனது, அது போகட்டும். தாங்கள் குத்தினீர்கள். "ஐயோ, ஆவி போகுதே!" என்று ஐந்து கட்டையில் இழுத்து நான் சிம்மாசனத்தோடு சாய, சுடலைக்கண்ணு விடாமல் பின்பாட்டு வாசிக்க, தட்டி ஓட்டையில் எட்டிப் பார்த்த கூட்டம் ஒரே குரலில் "ஒன்ஸ்மோர்!" என்றது. ஒன்ஸ்மோரை மறுத்த ராஜபார்ட் உண்டா? மற்றக் கையையும் நீட்டினேன். தாங்கள் சிரித்துக்கொண்டு, "இன்னைக்கு ஆளுக்கு ஒரு ஊசிதான். திரும்பப் பாக்கணும்னா வேற யாராவது மேல வாங்க" என்றீர்கள். மேலகரம் வடிவம்மாள்தான் முதலில் ஏறினாள். "ஏ ராசா, இதுக்கா இந்தப் பாடு படுதீரு? தள்ளும், நான் போட்டுக்கிடுதேன்" என்றாள். அவள் பின்னால் முந்நூறு பேர் வரிசை கட்டினார்கள்.

அன்று முதல் கொட்டகை நிறைந்த கூட்டம். அடுத்த தெருவில் பாடை போன வாரத்தில்கூட எங்களில் ஒருவர் உயிரும் போகவில்லை. மேடையில் ஆயிரம் தடவை செத்தவன் நான். நிஜத்தில் சாகாமல் காத்தவர் தாங்கள். இதை எழுதும்போது கண் கலங்குகிறது.

வீட்டில் ஜாஹிரா பீவி அம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். தங்கள் குடும்பம் நோய்நொடியின்றி நூறாண்டு இருக்கவேணும்.

எப்போது கூப்பிட்டாலும் கை நீட்டக் காத்திருக்கும்,
பால்வண்ணநாதன்.

பி.கு.: நாளை பத்தாம் நாள், இரண்டாம் ஊசி உண்டென்று தாங்கள் சொன்னதும், "நாளை மேடையில் ராஜாவுக்கு ஒன்ஸ்மோர்" என்று சுடலைக்கண்ணு நோட்டீஸ் ஒட்டிவிட்டான். முதல் ஊசியன்று நான் அலறியது நடிப்பு அல்ல. மற்றக் கையை நீட்டியது தங்களைத் தள்ளிவிட. மேலே தென்காசி என்று போட்டது பழக்கதோஷம், இதை எழுதி ஆளிடம் கொடுத்தனுப்புவது சிவகிரியில், மாமனார் வீட்டிலிருந்து. நாளைக்குக் கிரீடத்தை வடிவம்மாளுக்கே வைத்துவிடவும்.