வட்டத்தின் முன்வரிசை

உலக மாந்திரீக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய நிகழ்வொன்று சென்ற டிசம்பரில் கனடாவின் மார்க்கம் நகரில், நிலாணியின் வீட்டுப் பின்வளவில் நடந்தேறியது. அது, விக்கா என்னும் மேலைநாட்டு மாந்திரீக நெறியைப் பின்பற்றும் எங்கள் தமிழ் வட்டத்தின் முதலாவது யூல் விழா. அன்று, வருடத்தின் மிகக் குறுகிய பகல் முடியும் கணத்தில் மெழுகுதிரி ஏற்றி, காணாமற்போனதைப் பெயர் சொல்லி அழைத்தால் அது வீடு திரும்புமாம். நிலாணியின் பூனை மிக்சர் காணாமற்போய் ஒரு கிழமை. அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது.

விக்காவில் தலைவர் கிடையாது. எல்லோரும் வட்டமாக, சமமாக நிற்பார்கள். இந்த உயரிய தத்துவத்தைப் பாதுகாப்பதற்காகவே ஒரு தலைவி, இரு உபதலைவர்கள், ஒரு போஷகர் ஆகியோரைத் தெரிவு செய்திருந்தோம். நான் பிரசாரச் செயலாளர்.

போஷகர் கிளிபோட், வீடு விற்பனை முகவர். பனிக்குள் கோட்சூட்டோடு வந்திறங்கியவர் ஆழமானதொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, வட்டத்திலை முன்வரிசை எது?”

கூடி ஆலோசித்தோம். குளிர்காய வைத்த ஹீற்றர் இருக்கும் பக்கமே முன்வரிசை என ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

தலைவி ஜெயமலர் அன்ரி ‘சுருக்கமாக’ வரவேற்றார். நான்கு திசைகளையும் வரவேற்றார். ரெக்ஸ்டேலிலிருந்து வந்தவர்களை வரவேற்றார். பிக்கரிங்கிலிருந்து வரமுடியாமற் போனவர்களையும் வரவேற்றார்.

“அன்ரி, சூரியன் போகுது,” என்றாள் நிலாணி. “மிக்சரைக் கூப்பிட வேணும்.”

“கொஞ்சம் பொறும் பிள்ளை. போஷகருக்குப் பொன்னாடை போர்த்த வேணும்.”

“உதைப் பிறகு போர்த்தலாம்தானே?”

“பிறகெண்டால் அவர் போயிடுவார்.”

“பூனையும் போயிடுமே!”

“பூனை எங்கடை உறுப்பினர் இல்லையே, பிள்ளை.”

பொன்னாடையோடு போஷகர் ஒலிவாங்கியைப் பிடித்தார். இயற்கையோடு இணைந்து வாழ்வது பற்றியும், இயற்கைக்கு அருகில் விலைக்கு வந்திருக்கும் வீடுகள் பற்றியும் உரையாற்றினார். சூரியன் மறைந்தது. மெழுகுதிரி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அப்போது, ஒருவரும் அழைக்காமலே, வேலியின் மேல் மிக்சர் வந்து நின்றது. நிலாணி மூச்சை அடக்கிக்கொண்டு, கைகளை நீட்டி, மெல்ல ஓரடி வைத்தாள்.

“நன்றி, வணக்கம்!” என்றார் போஷகர்.

சபை நாகரிகம் தவறாத நாங்கள் கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கைதட்டினோம். ஒலிவாங்கியும் சேர்ந்து வீரிட்டது. வேலி வெறுமையானது.

“வந்த பூனையையும் கலைச்சுப் போட்டியளே!” என்று கத்தினாள் நிலாணி.

ஜெயமலர் அன்ரி அவளை அணைத்துக்கொண்டார். “வந்ததுதானே பிள்ளை! மந்திரம் பலிச்சிட்டுது.”

‘மந்திரம் பலித்தது’ என்று அன்றே பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பினேன்.

மந்திரத்தை ஒருவரும் சொல்லவில்லை. பூனை இன்னும் வீடு வரவில்லை.