குளிக்காதே அக்கா

தில்லியில் தமிழ்ப் பெண்களை ஆபீஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு, மேடையேற்றியவர்கள் உண்டு, ஏன், சல்வார் கமீஸ் போடவைத்தவர்கள்கூட உண்டு. ஆனால் தை வெள்ளிக்கிழமை காலையில் குளிக்காமல் வாசற்படியைத் தாண்டவைத்தவர் ஒரே ஒருவர்தான். வேறு எவராலும் அது முடிந்திருக்காது என்று நான் கையெழுத்துப் போட்டே தருவேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கோல் மார்க்கெட் குவாட்டர்ஸில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கெல்லாம் அவர் 'குளிக்காதே அக்கா'.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் குவாட்டர்ஸுக்குப் பக்கத்து டிஸ்பென்ஸரிக்கு லேப் டெக்னீஷியனாக வந்து சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர். நெடுநெடுவென்று உயரம். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, காதையும் சேர்த்துக் கட்டிய மஃப்ளர். காதை அடைத்திருந்ததால் தன் குரல் தனக்கே கேட்கவில்லையோ என்னவோ, அவர் உள்ளேயிருந்து "வாங்க" என்றால் மந்திர் மார்க்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இரண்டடி முன்னால் வருவார்கள்.

அங்கே வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்குத் தனியாகப் பரிசோதனை நடக்கும். வெள்ளைப்படுதல், அரிப்பு, எரிச்சல் என்று வெளியே சொல்லமுடியாத உபத்திரவங்களுக்கு. லேடி டாக்டர் ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுப்பார். அக்கா அதை ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

அந்த மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வெயில் பட்டால்தான் வேலை செய்யும். லேப் அறைக்குள் வெயில் வந்ததாகச் சரித்திரமில்லை. ஆகவே குளிர்காலத்தில் அக்கா மேஜையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்ஸரி புல்வெளிக்கு வந்துவிடுவார். ஒரு தடவை லோதி ரோடு ஆபீஸர் ஒருவர், நம்மவர்தான், பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், ஆசையாகக் கேட்டு அதில் கண்ணை வைத்தார்.

"அடடே, என்னமோ நீந்தறதே! யமுனைத் தண்ணியா?"

"இல்ல சார், ஒரு பொம்பளைக்கு வெள்ளைப்படுதுல்லா, அதுல உள்ள பூச்சி. எவ்வளவு சுறுசுறுப்பா ஓடுது பாருங்க! இதுக்குப் புருஷனும் சேந்து மாத்திரை திங்கணும் சார். ஒங்க வீட்டுல எப்படி, சௌக்கியமா?"

ஆபீஸர் மாத்திரையை வாங்காமலே போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அது அவருக்கு அவசியம் தேவைப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்லைடு யாருடையது என்று அவர் மட்டுமல்ல, நாங்கள் யாருமே கடைசிவரை தெரிந்துகொள்ள முடியவில்லை. அக்கா ஊர் கேட்கப் பேசுவார், பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு வருஷமாக அந்த உபத்திரவம். வெள்ளைப்பாடு, எரிச்சல், அதைவிட அந்த வாடை. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் எழுந்து போய்விடுவேன், கணவர் உட்பட. ஏதோ பெரிய வியாதி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தரை துடைக்கிற லோஷனைத் தண்ணீரில் கலந்து தினம் மூன்று வேளை கழுவினேன். கழுவக் கழுவ அதிகமாயிற்று.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், இதையெல்லாம் வேறு மாதிரி கூட்டிக் கழித்தார். மருமகள் மெலிந்துகொண்டே போகிறாள், தன் மகனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறாள், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்டா" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார். அவரும் கும்பகோணத்துக்கு எனக்கு ஒரே ஒரு டிக்கெட் எடுத்துவிட்டார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ரயிலுக்கு நான்கு வாரம் இருந்தது.

இருமல் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டிஸ்பென்ஸரிக்கு ஓடினேன். முதல் வெள்ளி, ஸ்லைடு சுத்தம். இரண்டாவது வெள்ளியும் சுத்தம். லேடி டாக்டர் முதுகில் தட்டி, "சப் டீக் ஹை, பேட்டி" என்றார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு வேறு யாரிடம் போவது?

ஸ்லைடைக் கையில் பிடித்தபடி அக்கா என் எதிரே வந்து நின்றார்.

"ஏ பிள்ள, நீ உக்கார முடியாம உக்காந்திருக்க. ஸ்லைடு என்னன்னா கழுவி வச்ச டம்ளர் மாதிரி இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. காலைல இங்க வாரதுக்கு முன்னால என்ன செஞ்ச?"

"தலைக்குக் குளிச்சேன்க்கா."

"அப்புறம்?"

டாக்டர் பார்க்கப் போகிறாரே, அசுத்தமாகப் போகலாமா? சோப்பு, அதன்மேல் லோஷன், அதன்மேல் மறுபடி சோப்பு. மெதுவாகச் சொன்னேன். அக்கா அப்படியே திரும்பி, பெஞ்சில் வரிசையாக இருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரையும் விசாரித்தார். அத்தனை பேரும் அதையேதான் செய்திருந்தார்கள். ஒருவர் பன்னீர்கூடத் தெளித்துக்கொண்டு வந்திருந்தார்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். கட்டட வேலைக்கு நடுவில் புழுதியோடு ஓடிவரும் நம்மூர்ப் பெண்களுக்கு ஸ்லைடில் எல்லாம் தெரிந்தது, மாத்திரை கிடைத்தது, குணமானது. குவாட்டர்ஸ் பெண்களோ நோயைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்து காட்டி, சௌக்கியம் என்று சீட்டு வாங்கிக்கொண்டு, நோயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம்.

பரிசோதனையை வேறு கிழமைக்கு மாற்றும்படி அக்கா அன்றைக்கே ஆள் மூலம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். மேலிடம் காரணம் கேட்டது. 'வெள்ளிக்கிழமைகளில் தமிழ்ப் பெண்கள் நன்றாகக் குளித்துவிடுகிறார்கள்' என்று எழுதினார். 'குளிப்பது நல்ல பழக்கம், அதை ஊக்குவிக்கவும்' என்று பதில் வந்தது. கிழமையை மாற்ற முடியாது என்றானதும் அக்கா எங்களை மாற்றக் கிளம்பிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாக்கில் பஜனை. சுண்டல் வழங்கும் நேரத்தில் கான்வாஸ் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்த அக்கா, கைகூப்பி சாமி படத்தைக் கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு டெஸ்டுக்கு வாரவங்க யாரும் குளிக்காதீங்க! டெஸ்டு முடிஞ்சப்புறம் நாள் முழுக்கக் குளிங்க, நான் வேண்டாங்கல. லோஷனக் கண்ணால பாக்காதீங்க. ஒங்க குவாட்டர்ஸ் மாதிரித்தான் அதுவும். உள்ள நல்ல கிருமி குடும்பம் நடத்துது. நீங்க லோஷன ஊத்தி அத வெளிய வெரட்டுதீங்க. காலி குவாட்டர்ஸ்ல கண்டவன் பூந்துக்கிட மாட்டானா?"

பஜனை நடத்திய அம்மாளுக்குச் சுண்டல் புரையேறிவிட்டது. தை வெள்ளியும் அதுவுமாகக் குளிக்காதே என்று சாமி படத்துக்கு முன்னாலேயே ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள்! மறுநாள் முதல் அக்கா தெருவில் வந்தால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. 'குளிக்காதே' என்ற பெயரும் அன்றுதான் வந்தது. அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பால் பூத் வரிசையில், காய்கறி வண்டி பக்கத்தில், பஸ்ஸில் ஏழு சீட் தள்ளி என்று எங்கே பார்த்தாலும், "வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்குல்லா?" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பிரச்சினை வேறு. குளிக்காத மருமகளை அத்தை அடுப்படிக்குள் விடமாட்டார். ரயிலுக்கு இன்னும் எட்டே நாள் இருந்த வெள்ளிக்கிழமை, பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரைச் செம்பு செம்பாகத் தரையில் ஊற்றினேன். நடுவில் ஒரு தடவை குளிரில் நடுங்குவதுபோல் "ஸ்ஸ்" என்றுகூடச் சொன்னேன். கூந்தல் நுனியை நனைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து வெளியே வந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே நடிப்பு அதுதான்.

அன்று புல்வெளியில் அக்கா வெகுநேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மாட்டிக்கிட்டான்!" என்று ஒரே கத்தல். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லவன் ஒருத்தனையும் காணோம் பிள்ள. எல்லாம் வந்தேறிப் பயலுவ. வா, நீயே பாரு."

பார்த்தேன். பொடிப்பொடியாக என்னென்னவோ தெரிந்தது.

"பெரிய வியாதியாக்கா?"

"இதுவா? பாதி தில்லிக்கு இருக்கு பிள்ள இது! டாக்டரம்மா மாத்திரை தருவாங்க. நீ அந்த லோஷனத் தரைக்கு மட்டும் ஊத்து. தானாச் சரியாயிரும்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷப் பயம் இரண்டே நிமிஷத்தில் போனால் மனுஷி என்னதான் செய்வாள்?

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் அத்தை என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "தலைக்குக் குளிச்சேன்னு சொன்ன. துண்டு காஞ்சு கெடக்கு. எங்க போயிட்டு வர்ற?"

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. என்ன உபத்திரவம், எத்தனை நாளாக, லோஷன், ஸ்லைடு, மாத்திரை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  அத்தை துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க மாத்திரையில் எரிச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்வது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறு வெள்ளி காலை பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் ரயில். என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அத்தை அறை வாசலில் வந்து நின்றார். முந்தைய நாள் கட்டிய அதே புடவை. கலைந்த தலை. பூஜை விளக்கு ஏற்றியிருக்கவில்லை.

"செல்வி, அதெல்லாம் எடுத்து வெளிய வை. ரயிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டும் நகரவில்லை. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"எனக்கு இவனப் பெத்ததுலேருந்து இருக்கு. உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பொண்ணு என்னையும் பாப்பாளா?"

டிஸ்பென்ஸரிக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை. பெஞ்சில் உட்காரவும் மாட்டேன் என்றார். நான் அக்காவின் பக்கத்தில் போய், முப்பது வருஷமாம் என்று காதோடு சொன்னேன். இதோ கத்தப் போகிறார், தில்லி முழுக்கக் கேட்கப் போகிறது என்று பயந்தேன்.

அக்கா கத்தவில்லை. எழுந்து அத்தையிடம் போனார். அத்தையின் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தோளில் போர்த்திவிட்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "குளிருதாம்மா?" என்று கேட்டார். அது குளிர் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். "ஆமாம்மா, குளிருது" என்று அத்தை அவர் தோளில் சாய்ந்துகொண்டார். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதற்காகவே, இத்தனை வருஷம் கழித்தும், அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.