பேக்கப் ஓடும் அறை

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. உள்ளறையில் பேக்கப் ஓடும்போது கதவைத் தட்டக் கூடாது. தட்டினால் கம்ப்யூட்டர் மிரண்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கும். மிக்ஸி போடக் கூடாது. போட்டால் கரண்ட் குதிக்கும், டிஸ்க் போய்விடும். அதிர்ந்து நடக்கக் கூடாது. பிள்ளை அழக் கூடாது. கடைசி விதியைப் பிள்ளையிடம் யாரும் சொல்லாததால் அது மட்டும் மீறிக்கொண்டே இருந்தது.

சட்டம் போட்டவர் வீட்டுக்காரர். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் படித்துப் படம் பிடிக்கும் வேலை. அதனால் அக்கம்பக்கத்தில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானம் திரும்பிவிடுவார். பிடித்த படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிறகு பேக்கப். அதாவது, உள்ளதற்கெல்லாம் இன்னொரு நகல் எடுத்துத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்துவது. அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதை அதுவே செய்துகொள்ளும். மீட்டர்காரர் அழுத்துவார். கதவைத் தாழ் போடுவார். மேஜைக்குப் பின்னால் பாயை விரிப்பார். பேக்கப் ஒரு பக்கம் ஓடும், மீட்டர்காரர் ஒரு பக்கம் ஓடுவார், கனவில்.

வெளியே அவர் மனைவி, பல் முளைக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். அது பிறந்ததிலிருந்து அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. உப்பு டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பாலை அலமாரியில் தேடுவாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் குட்டியை வச்சுக்கிறீங்களா? கண்ணு எரியுது."

"ஓடுது... தட்டாதே..." என்று உள்ளேயிருந்து பாதித் தூக்கத்தில் குரல் வரும்.

இதெல்லாம் அப்டேட் வரும் வரைக்கும்தான்.

அன்று மீட்டர்காரர் வேலையிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தது. திரை முழுக்க நீலம். 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்காதீர்கள்' என்று எழுத்து. அது முடிந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இல்லை. பேக்கப் பொத்தான் இருந்த மூலையில் ஒரு சிவப்பு வட்டம், கண் சிவந்து முறைக்கிற மாதிரி. அழுத்தினார். 'சேமிக்கும் இடம் காணப்படவில்லை.' மறுபடி அழுத்தினார். காணப்படவில்லை. டிஸ்க் அங்கேதான், மேஜை மேலேதான், டிக் டிக்கென்று உயிரோடு இருந்தது.

டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சிவப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பேக்கப் ஓடலையா?"

"அது வந்து..."

"அப்ப இந்தாங்க, குட்டியைப் பிடிங்க."

மீட்டர்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பேக்கப் இல்லையென்றால் தாழ் இல்லை. தாழ் இல்லையென்றால் பாய் இல்லை. சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"விளையாடுறியா? பேக்கப் ஓடுறதைவிட, ஓடாத பேக்கப்பை ஓட வைக்கிறது பெரிய வேலை. இனிமேல் கதவுகிட்டகூட வரக் கூடாது."

"குட்டி பிறந்தப்போ எடுத்த படமெல்லாம் அதுலதாங்க இருக்கு. போயிடாதே?"

"என் பொறுப்பு."

தாழ். பாய். ஸ்க்ரூ டிரைவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார், யாராவது பார்த்தால் வேலை நடப்பதாகத் தெரியட்டும் என்று.

வெளியே மேகம் கவிந்திருந்தது. திரைச்சீலை போட்ட அறை கிணற்றின் ஆழம் மாதிரி இருட்டாக இருந்தது. சிவப்பு வட்டம் மட்டும் சுவரில் மங்கலாகப் பட்டது. கண்ணை மூடினார்.

கிரீச்.

எலி என்று நினைத்தார். கிரீச்... கிரீச். எலிக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. ஏதோ ஆடுகிறது. அறையில் ஆடுகிற பொருள் எதுவும் இல்லை.

பிறகு ஒரு மூச்சு. நெஞ்சிலிருந்து இழுத்து விட்ட நீண்ட மூச்சு. அது மேலேயிருந்து வந்தது. பீரோவின் உச்சியிலிருந்து. அங்கே பழைய துண்டு போர்த்திய ஏதோ ஒன்று, தலை குனிந்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது.

"முடியலையே..." என்றது பீரோ. கரகரத்த, தேய்ந்த பெண் குரல். "தூக்கம் வருதே... யாருமே இல்லையா எனக்கு..."

மீட்டர்காரர் எழுந்த வேகத்தில் மேஜைக் கால் அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. தாழைத் திறந்து கூடத்துக்கு வந்து விழுந்தார்.

மனைவி தொட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். "என்னங்க, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிட்டீங்க?"

"உள்ள... யாரோ பேசுறாங்க!"

"என்ன பேசினாங்க?"

"தூக்கம் வருதாம். யாருமே இல்லையாம்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். தொட்டில் கம்பியில் எப்போதோ கட்டிப்போட்ட ஏதோ ஒன்று, துணிகளுக்கு நடுவே மினுக்கென்று ஒளிர்ந்தது. அவள் பார்வை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. மீட்டர்காரர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஆடியதால் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"பாவம், யாரோ தூங்காத ஆத்மா போலிருக்கு" என்றாள் மெதுவாக.

மறுநாள் மீட்டர்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். பகலில் பேயா? ஆனாலும் அறைக்குள் போகும் முன் மாடி வீட்டு அக்காவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மனைவி, பிள்ளையோடு பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல முன்னாடி யார் குடியிருந்தாங்க?"

அக்கா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு குமாஸ்தா தம்பி. அவரும் உன்னை மாதிரிதான். மத்தியானமானா அந்த உள்ளறையில போய்க் கதவைச் சாத்திக்குவாரு. கேட்டா, வேலை வேலைம்பாரு. அந்தம்மா ஒண்டியா கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு அல்லாடும்."

"இப்ப எங்க இருக்காரு?"

"இப்ப இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லதான் தம்பி. இதுக்கு மேல என்ன சொல்ல?" என்று அக்கா ஒரு ஈரப் போர்வையை உதறினார். அது காற்றில் எழும்பி, வெள்ளையாக, மீட்டர்காரர் முகத்தில் வந்து ஒட்டியது. அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை சிரித்தது.

அறைக்குள் போனார். விளக்கைப் போட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உண்மையாகவே வேலை பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றி மாட்டினார். காணப்படவில்லை. புரோகிராமை மூடித் திறந்தார். காணப்படவில்லை. அணைத்துப் போட்டார். சிவப்புக் கண் முறைத்தது. கண்முன்னால் இருக்கிற பொருளைக் கம்ப்யூட்டர் காணவில்லை என்கிறது. கண்ணுக்குத் தெரியாததோ பீரோ மேல் உட்கார்ந்து பேசுகிறது. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. அப்படியே மேஜையில் கவிழ்ந்தார்.

குறட்டைச் சத்தம் கேட்டு விழித்தார்.

தன் குறட்டைதான் என்று நினைத்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கர்ர்ர்... முடிவில் ஒரு சின்ன விசில். ஆமாம், தன்னுடையதுதான், அந்த விசில் வேறு யாருக்கும் வராது. பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான்தான் விழித்திருக்கிறேனே!

மூக்கைப் பொத்தினார். கர்ர்ர். வாயையும் பொத்தினார். கர்ர்ர், விசில். தன் உடம்பு இங்கே இருக்கிறது, தன் தூக்கம் பீரோ மேல் இருக்கிறது. கழுத்தில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது. தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

குறட்டை நின்றது. டிக் டிக்கென்ற டிஸ்க்கும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் மேலிருந்து, மண்ணுக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி, ஒரு ஆணின் குரல்:

"ஓடுது... தட்டாதே... ஓடுது..."

மீட்டர்காரர் ஓடினார்.

"குமாஸ்தா!" என்று கூடத்தில் நின்று நடுங்கினார். "செத்தும் அந்த ஆளு வேலை பார்க்கிற மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கான்! என் குறட்டையையே விடுறான்! நாளைக்கு என்னையும் அங்கேயே உட்கார வச்சுடுவான்!"

மனைவி கையிலிருந்த போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "பதறாதீங்க. இனிமே நீங்க உள்ள போகவேணாம்."

"அப்ப ரூமு? படமெல்லாம்? பேக்கப்பு?"

"ரூமைச் சும்மா போட்டு வைக்கக் கூடாதாம், அக்கா சொன்னாங்க. ஆள் புழங்கணுமாம், அதுவும் மத்தியானத்துல." கொஞ்சம் தயங்கினாள். "நான் வேணா போய் உட்கார்ந்துக்கிறேன்."

"நீயா? தனியாவா?"

"பயமாத்தான் இருக்கு. என்ன பண்றது, குடும்பத்துக்காகத்தானே. ஆனா குட்டியைக் கூட்டிட்டுப் போக முடியாதே..."

"குட்டியை நான் பார்த்துக்கிறேன்!" என்றார் மீட்டர்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வீராங்கனையோடா இத்தனை நாள் குடித்தனம் பண்ணினோம்!

அன்றிலிருந்து மத்தியானமானால் அவள் உள்ளே போவாள். தாழ் விழும். மீட்டர்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். உட்கார்ந்தால் அது அழும். நின்றால் அழும். பாட்டுப் பாடினால் பயந்துபோய் அழும். தொட்டிலில் போட்டால் தேள் கொட்டின மாதிரி அலறும். வேலையில் வரிசையாக மீட்டர்களைத் தப்பாகப் படித்தார். ஒரு வீட்டில் காலிங் பெல்லைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் தாய்மார்களைப் பார்த்தால் அவருக்குக் கும்பிடத் தோன்றியது.

அவள் வெளியே வரும்போது பயத்தோடு கேட்பார்: "ஏதாவது கேட்டுதா?"

"குறட்டைச் சத்தம் கேட்டுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியல."

பேயோடு இருந்துவிட்டு வருகிறவள் முகம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிற்று. ஒரு நாள் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வந்தாள். குமாஸ்தாவின் ஆவி அவளுக்குள் புகுந்துவிட்டதோ என்று மீட்டர்காரர் அவள் பாதங்களைக்கூடப் பார்த்தார். தரையில்தான் இருந்தன.

பிறகு ஒரு மத்தியானம். காற்றே இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நடந்து நடந்து முழங்கால் கழன்ற நேரத்தில் குட்டி தோளில் சரிந்தது. முதல் தடவையாகத் தொட்டிலில் போட்டும் அழவில்லை. கண் பாதி மூடியிருந்தது. மீட்டர்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, காதோரம் கிசுகிசுத்தார்.

"தூங்குடா கண்ணு."

*தூங்குடா கண்ணு* என்றது, சாத்திய அறைக்குள்ளிருந்து, கரகரத்த குரல்.

மீட்டர்காரருக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. குரல் அவருடையது. தொட்டிலைப் பிடித்துக்கொண்டார். தொட்டில் கிரீச் என்றது. உள்ளேயும் *கிரீச்* என்றது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பீரோ மேல் கேட்ட அதே சத்தம்.

மெதுவாக, துணிகளை விலக்கிப் பார்த்தார். தொட்டில் கம்பியில், சார்ஜரோடு, அவருடைய பழைய போன். அவரே கட்டியது. பிள்ளை பிறந்த புதிதில், "அழுதா என் ரூம் ஸ்பீக்கர்ல கேட்கும், நான் ஓடி வந்துடுவேன்" என்று மாடி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக் கட்டியது. மறுநாளே அது அவர் தூக்கத்தைக் கெடுத்தது. கம்ப்யூட்டரில் அதை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் பீரோ மேல் போட்டுத் துண்டால் மூடிவிட்டு, பழுதாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னவரும் அவரேதான். அப்டேட் வந்து பேக்கப்பை நிறுத்திய கையோடு, அவர் நிறுத்தியதைத் திருப்பி ஓட விட்டிருக்கிறது.

அப்படியானால் முதல் நாள் அழுத அந்தக் குரல்?

தொட்டிலோரம் நின்று 'யாருமே இல்லையா எனக்கு' என்றது யார் என்று புரிந்தபோது மீட்டர்காரருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அடுத்து அந்தக் குறட்டையும் விசிலும், இடுப்பில் செருகிய போனும் ஞாபகம் வந்தன. சுருக்கென்றது கோபமாக மாறியது.

நேரே போய்க் கதவை இடித்தார். "ஏய்! குமாஸ்தா செத்துட்டாரா, இல்லையா?"

உள்ளே கொட்டாவிச் சத்தம். "யார் செத்தா? அவரு பதவி உயர்வுல வேற ஊருக்குப் போயிட்டாருங்க. அக்கா இப்ப இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"என் குறட்டையைப் போன்ல பிடிச்சு, தொட்டில்கிட்ட வச்சு எனக்கே போட்டுக் காட்டினியா?"

"கதவுக்கு வெளியே நின்னு பிடிச்சதுங்க. உள்ள பேக்கப் ஓடுற சத்தம்னு நினைச்சுட்டேன்."

மீட்டர்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டுத் தூங்குறியே, அது எதுக்கு?"

"குட்டி நிஜமா வீறிட்டு அழுதா எனக்குக் கேட்கணும்ல?"

மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "சரி, நீ ஜெயிச்சுட்ட. வெளிய வா. அந்தச் சிவப்பு வட்டத்தை நான் உட்கார்ந்து சரி பண்றேன். பேக்கப்தான் ஓடலையே."

"அது பச்சையாகி எத்தனையோ நாளாச்சுங்க. அப்டேட் வந்ததும் அந்த டிஸ்க்குக்கு வேற அடையாள எழுத்து வச்சுடுச்சாம். புரோகிராம் பழைய எழுத்தையே தேடிட்டு நின்னிருக்கு. என் தம்பிகிட்ட போன்ல கேட்டேன், புது எழுத்தைக் காட்டிவிடச் சொன்னான். குட்டி படமெல்லாம் பத்திரமா ஏறிடுச்சு."

மீட்டர்காரர் கதவில் சாய்ந்து நின்றார். பின்னால் தொட்டிலில் குட்டி கண்ணைத் திறந்து, வாயைக் கோணிக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்ப இப்ப உள்ள என்னதான் பண்ற?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

பாய் புரளும் சத்தம் கேட்டது. "பேக்கப் ஓடுதுங்க. தட்டாதீங்க, மறுபடி முதல்லேர்ந்து தூங்கணும்."