என் காதுக்கு அக்காவின் சாட்சியம்

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

தம்பி வெண்டெல் எழுதுவது. நானும் மேவிஸும் சுகம். மின்னசோட்டாவில் பனி இன்னும் உருகவில்லை. உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் காது கெட்டது பட்டாளத்தில்தான் என்று முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குக் காட்ட நீ எழுதித் தந்த சாட்சியம் கிடைத்தது. 'இவன் ஆறு வயதிலேயே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்ததில்லை' என்று எழுதியிருக்கிறாய். நீ தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள், பொய் வராது. ஆனால் இதை அனுப்பினால் காது ஏற்கெனவே கெட்டதுதான் என்று கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் மேவிஸ் ஜெயித்துவிடுவாள். நான் வேண்டுமென்றே கேளாதவன்போல் இருக்கிறேன் என்பது கல்யாணமான நாள் முதல் அவள் கட்சி. வியட்நாமில் பீரங்கியின் பக்கத்தில் நின்றதால் என்பது என் கட்சி. தீர்ப்புச் சொல்லத்தான் அரசாங்கத்தைக் கூப்பிட்டேன்.

அரசாங்கமோ நான் பட்டாளத்தைவிட்டு வந்த நாளின் மருத்துவச் சான்றை எடுத்து வைத்தது. காது நலம் என்கிறது அது. குறை சொன்னவனை முகாமிலேயே நிறுத்திவைப்பார்கள் என்பதால் அன்று வரிசையில் நின்ற எல்லோருமே நலம்தான், காலில் மாவுக்கட்டோடு நின்றவன் உட்பட. பிறகு பரிசோதனை. கூண்டு மாதிரி ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, "பீப் சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார்" என்றாள் பரிசோதனை செய்யும் பெண். பீரங்கி தந்த பீப் சத்தம் ஒன்று என் காதில் ஐம்பது வருஷமாக ஓயவில்லை. பரீட்சை என்றால் தேறியாக வேண்டும் என்பதும் பட்டாளத்துப் பழக்கம். அமுக்கிக்கொண்டே இருந்தேன். "சார், நான் இன்னும் மெஷினையே போடலையே" என்றாள்.

வெளியே வந்து மேவிஸிடம், "வீட்ல எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்ல பீர் டப்பாவைத் திறந்தா இவருக்குக் கேக்கும்மா. குப்பையை வெளிய வைங்கன்னா மட்டும் பீரங்கி வெடிச்சுடும்."

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆகவே அக்கா, 'பட்டாளத்துக்குப் போகும்வரை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தான்' என்று ஒரு வரி மட்டும் மாற்றி எழுது. ஒரு தடவையாவது வந்திருப்பேன், யோசித்துப் பார்.

உன் மூட்டுகளையும் அத்தானின் டிராக்டரையும் கர்த்தர் காப்பாராக.

உன் தம்பி,
வெண்டெல் டாலஃப்சன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தபாலில் தீர்ப்பு வந்துவிட்டது, நீ எதையும் மாற்ற வேண்டாம். என் காதைக் கெடுத்தது பட்டாளம்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. இல்லாத பீப் சத்தம் கேட்பதற்குப் பத்து சதவீத ஊனம். இருக்கிற சத்தம் கேட்காததற்குப் பூஜ்யம் சதவீதம். மேவிஸ் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். சமையலறையிலிருந்து, "அரசாங்கமே சொல்லிடுச்சு, குப்பையை வெளிய வைங்க" என்றாள், தனக்குத் தானே முணுமுணுப்பதுபோல. வாளியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி போன பிறகுதான், எனக்கு அது கேட்டிருக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.