கரடியும் அலங்கும் அறுபது ஃப்ரேமும்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் காடு என்றே அழைக்கப்பட்ட ஒரு காட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. உள்ளே சில லட்சம் கறையான்கள் குடும்பமும் குட்டியுமாக வாழ்ந்தன. அவற்றை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் புற்றுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் கருமுத்து என்ற கரடி. இன்னொருவர் சுருளப்பன் என்ற அலங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், வாயில் பல் கிடையாது, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வார்.

கரடிக்குக் கறையான் இல்லாவிட்டால் தேன் இருக்கிறது, இலந்தைப் பழம் இருக்கிறது. அலங்குக்கு எறும்பையும் கறையானையும் விட்டால் வேறு சாப்பாடு இல்லை. சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருந்த பெரிய புற்றும் இது ஒன்றுதான். அது கைவிட்டுப் போனால் சுருளப்பன் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அந்தக் காலமாக இருந்தால் அடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது இருவரிடமும் கையில் வைத்து விளையாடும் கணினி இருந்தது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான், அதில் ஒரு கார் பந்தயம்.

"அடுத்த ஞாயித்துக்கெழம உச்சி வெயிலுக்கு, புத்துக்கு முன்னாலயே வெச்சுக்குவோம்," என்றார் கருமுத்து. "ஜெயிச்சவனுக்குப் புத்து. நேரத்துக்கு வண்டியக் கிளப்பாதவன் தோத்தவன்."

சுருளப்பன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். கருமுத்து வளைவு வந்தால் கணினியையே வளைக்கிற ஆள். ஒத்திகை பார்த்த மூன்று முறையும் அலங்குதான் முதலில் வந்தார். அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் லினக்ஸ் பயனர் சங்கக் கூட்டத்துக்குப் போனார். லினக்ஸ் என்பது கணினியை இயக்குகிற மென்பொருள், ஆளுக்கொரு பெயரில் அதில் நூறு வகை உண்டு.

அந்தச் சங்கத்தில் ஏழு உறுப்பினர்கள், எட்டுப் பிரிவுகள். புதிதாக வருகிறவர் எழுந்து முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், அடுத்து எந்த லினக்ஸ் என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் எந்த ஊர், யார் வகையறா என்று விசாரிப்பதுபோல, அதைக் கேட்ட பிறகுதான் யார் பக்கத்தில் உட்காரலாம் என்பது முடிவாகும்.

"என் பேரு சுருளப்பன். கடையில போட்டுக் குடுத்ததே ஓடுது."

செயலாளர் கீரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வந்தபடியேவா வெச்சிருக்கீங்க?"

"அதுவும் லினக்ஸ்தானே தோழர்?"

"லினக்ஸ்தான் தோழர். ஆனா உள்ள என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கார் ஓடுது."

யாரும் சிரிக்கவில்லை. ஒன்றும் தப்புச் செய்யாத சுருளப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்ப எதத்தான் போடுறது?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சங்கத்தில் இதைக் கேட்டவர்கள் யாரும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பியதில்லை.

திங்கட்கிழமை 'நாவல்' என்ற லினக்ஸைப் போட்டார். எல்லாம் அருமை, திரை மட்டும் பக்கவாட்டில் படுத்துவிட்டது. அவரும் தலையைச் சாய்த்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், கழுத்து பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை 'சுள்ளி'. திரை நிமிர்ந்தது, சத்தம் வரவில்லை. கீரியிடம் சொன்னதற்கு, "சத்தத்துக்கும் பந்தயத்துக்கும் என்ன தோழர் சம்பந்தம்?" என்றார். அடுத்ததில் சத்தம் வந்தது. ஆனால் கணினியை ஒருமுறை தூங்கப் போட்டால் எழுந்திருக்க மறுத்தது. இடது பொத்தானை அழுத்தினால் கார் வலது பக்கம் போகிற ஒன்றும் நடுவில் வந்துபோனது, அதன் பெயர் எனக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லாம் கூடி வந்தது. திரை நேராக இருந்தது, சத்தம் வந்தது, பொத்தான்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. முன்பு நொடிக்கு நாற்பது ஃப்ரேம், அதாவது நாற்பது படம், காட்டிய திரை இப்போது அறுபது காட்டியது. கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. சுருளப்பன் கண்கலங்கிப் போய் அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் குழுவில் போட்டார்.

"இதையா போட்டீங்க? நேத்தே இதுக்குப் புதுப் பதிப்பு வந்துடுச்சே," என்று கீரி பதில் எழுதினார்.

புதுப் பதிப்பைப் போடுவதற்காகச் சுருளப்பன் எல்லாவற்றையும் அழித்தார். அந்த இடத்தில் அவரை ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. செதிலில் கைதான் கிழியும்.

இவ்வளவையும் அவர் புற்றில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செய்தார், வேறு யாரும் வந்து கை வைத்துவிடக் கூடாதே என்று. சாய்ந்திருந்தாரே தவிர, ஐந்து நாளாக நாக்கை நீட்டி ஒரு கறையானைக்கூட எடுக்கவில்லை. பசியே தெரியவில்லையாம். உள்ளே இருந்த கறையான்கள் இதை விடாமல் கவனித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கருமுத்து வந்தார். பொத்தானை அழுத்தினார், கார் கிளம்பியது, நேராகப் போய் மரத்தில் மோதியது. ஆனாலும் கிளம்பியது கிளம்பியதுதான். சுருளப்பனின் திரையில் 'புதுப்பிக்கப்படுகிறது, நாற்பத்து மூன்று சதவீதம்' என்று நின்றது.

"அஞ்சே நிமிஷம் கருமுத்து."

"தோத்துட்டே சுருளப்பா."

சுருளப்பன் கணினியை நெஞ்சோடு அணைத்துப் பந்தாகச் சுருண்டு உள்ளுக்குள்ளேயே அழுதார். புற்று போய்விட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் இருந்தபடியே இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும்.

கருமுத்து நகத்தை ஓங்கினார். அப்போது புற்றின் வாசலுக்குச் செம்மண்ணி என்ற கறையான் வந்து நின்றாள். கூட்டத்தில் ஒரு சாதாரண வேலைக்காரி.

"அண்ணே, வெட்டுறதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். கையில வெச்சு விளையாடுற கணினிக்கு எந்த லினக்ஸ் போட்டா நல்லது?"

உனக்கு ஏது கணினி என்று யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணும் போட வேணாம். வந்தபடி விட்டுடு, என்னோடது நல்லாத்தான் ஓடுது," என்றார் கருமுத்து.

பந்து விரிந்தது. அழுத கண்ணைத் துடைக்காமலேயே சுருளப்பன் கேட்டார். "நல்லாவா? எத்தன ஃப்ரேம் வருது?"

"நாப்பது."

"அறுபது வரும்."

ஓங்கிய நகம் அப்படியே நின்றது. கருமுத்து தன் கணினியைப் பார்த்தார். காலைவரைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை, இப்போது படம் விட்டு விட்டு ஓடுவதுபோல் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷ வேல," என்று சுருளப்பன் பென்டிரைவை எடுத்தார்.

கருமுத்து புற்றில் முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்தார். சாயங்காலம் கீரியும் வந்துவிட்டார். "நாவலா போடுறீங்க? சரி, உங்க இஷ்டம்," என்றார். கருமுத்து பழசை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

ஐப்பசி பிறந்து மழை கொட்டியது. இறக்கை முளைத்த கறையான்கள் பறந்துபோய் வேறு இடங்களில் குடித்தனம் தொடங்கின. மற்றவை புற்றை இன்னும் ஒரு முழம் உயர்த்தின. கரடியின் முதுகும் பக்கத்தில் சாய்ந்திருந்த அலங்கின் முதுகும் குறுக்கே இருந்ததால் அவற்றையும் சேர்த்துப் பூசிவிட்டன. கழுத்துவரை மண் ஏறியபோது சுருளப்பன் கொஞ்சம் நகரப் பார்த்தார்.

"அசையாதய்யா, இன்ஸ்டால் ஆகுது," என்றார் கருமுத்து.

நீதி: உங்களைத் தின்ன வருகிறவரிடம் உயிர்ப்பிச்சை கேட்காதீர்கள். எந்த லினக்ஸ் நல்லது என்று கேளுங்கள்.