கலசப்பாக்கத்தில் நான் தள்ளாத பந்து

ஜமுனாமரத்தூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ரங்கனுக்கு,

கண்ணாயிரம் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி சம்பூர்ணமும் மாடும் சுகம். அமிர்தியில் உன் முழங்கால் எப்படியிருக்கிறது என்று அறிய ஆவல். நாற்பத்தாறு வருஷமாக நாம் சம்பூர்ணம் மூலமாகவே பேசி வருகிறோம். போன பொங்கலில்கூட பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "சம்பூர்ணம், உன் வூட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்றாய். அதனால்தான் கடிதம்.

வரும் வெள்ளிக்கிழமை இங்கே பள்ளியில் விளையாட்டு விழா. ரம்யா என்ற விளையாட்டு டீச்சர் வீட்டுக்கு வந்து, "இந்த மலையில மொதமொத புட்பால் ஆடினவரு நீங்கதானாமே சார், எத்தினி கோல் போட்டீங்க?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பதினொன்று என்றேன். மறுநாள் அது என் போட்டோவுடன் பேனரில் ஏறிவிட்டது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன பந்தில் நாம் பதினோரு பேர் வெறுங்காலோடு பழகி, கலசப்பாக்கம் வரை போய், கடைசி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் பந்து என் காலுக்கு வந்ததா, நான் ஓடினேன், ஓட்டப் பந்தயத்தில் பழகிய கால், முன்னால் ஆளில்லை என்றால் அதற்கு நிற்கத் தெரியாது, கோல் வாசலில் நீ தனியாக நிற்பதையும் பார்க்காமல் கம்பத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மணிலாக் கடலைக் கொல்லைக்குள் பந்தோடு போய்த்தான் நின்றேன். நான் செடியிலிருந்து காலை எடுத்து வருவதற்குள் அவர்கள் பந்தை எடுத்துப்போய்க் கோல் போட்டு முடித்துவிட்டார்கள். நீ கூப்பிட்டாயாம். ஜனங்கள் போட்ட கூச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் நீ, "நீ ஓடத்தான்டா லாயக்கு" என்றபோதே இதைச் சொல்லியிருக்கலாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெயித்திருந்தால் நீ ஜில்லா அணிக்குப் போயிருப்பாய். ஆட்டம் பார்க்க வந்த அதிகாரியோ, "பந்த வுட்டுட்டு நீ சும்மா ஓடுப்பா" என்று என்னை ஓட்டப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டார். அதில் வாங்கிய மெடலால் எனக்குக் காட்டிலாகாவில் வாட்சர் வேலை கிடைத்தது. அந்த வேலையைப் பார்த்து உங்கள் அப்பா பெண் கொடுத்தார். நீ முழங்கால் தேயும்வரை டிராக்டர் ஓட்டினாய். உனக்கு வரவேண்டிய வாழ்க்கையை நான் வாழ்ந்துவிட்டேன் மச்சான்.

உன் பெயரையும் போடச் சொன்னேன். "பிரின்ட் ஆயிடுச்சே சார்" என்கிறார் டீச்சர். வெள்ளிக்கிழமை நீ வந்து மேடையில் உட்கார்ந்தால் மைக்கிலேயே உண்மையைச் சொல்லிவிடுவேன். வராவிட்டால் எனக்குத் தைரியம் வராது; என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

உன் முழங்கால் தேறவேண்டி, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி முடிக்கும்,

கண்ணாயிரம்.

பின்குறிப்பு: கூச்சல் என்று மேலே எழுதியது பொய். அன்று வேடிக்கை பார்த்தது அந்த அதிகாரியையும் சேர்த்து ஒன்பது பேர், இரண்டு ஆடு. "கண்ணாயிரம், இந்தாண்ட தள்ளுடா" என்று நீ மூன்று தரம் கூப்பிட்டாய். மூன்றும் கேட்டது. கோலை நானே போடவேண்டும் என்று நினைத்தேன்.